காரணம்: உராய்வு

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் நேர்ந்த வெடி விபத்துகளைப் பற்றிய காவல்துறைப் பதிவுகளையும் மறுநாள் நாளிதழ்ச் செய்திகளையும் தொடர்ந்து வாசிப்பவர் கண்ணில், காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே சொல் படுகிறது. மருந்துக் கலவையின்போது உராய்வு, மருந்து செலுத்துகையில் உராய்வு, பெட்டிகளை ஏற்றி இறக்குகையில் உராய்வு என்று வேலை மாறினாலும் காரணத்தின் பெயர் மாறுவதில்லை. சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கங்களில் தலைமுறைகளாக இச்சொல்லைக் கேட்டுவரும் குடும்பங்களுக்கு அது விபத்தின் மறுபெயராகவே ஆகிவிட்டது. உராய்வு என்பது பொய்யன்று. தீப்பற்றிய கடைசிக் கணத்தை அது சரியாகவே சுட்டுகிறது. ஆனால் அந்தக் கணத்துக்கு முன் அறையில் எத்தனை பேர் இருந்தனர், எவ்வளவு மருந்து இருந்தது, அறையை உண்மையில் நடத்தியவர் யார், அன்று அங்கே வேலை நடந்திருக்கவே வேண்டுமா என்பவற்றில் ஒன்றையும் அது சொல்வதில்லை.

ஒரே பிழை திரும்பத் திரும்பப் பதிவாகும்போது அதை எவ்வாறு வாசிப்பது என்ற கேள்வி பட்டாசுத் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. ஒரே பெரிய கணினிக்குள் பல கணினிகளை இயக்கும் ஹோஸ்ட் சர்வர்களைக் கவனிப்போர் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வியும் அதுவே. அத்துறை தன் பதிவுகளை வாசிக்கக் கற்ற வரலாற்றின் சில பகுதிகள், கரிசல் மண்ணில் எழுதப்பட்ட விபத்துப் பதிவுகளின் குறையைத் தெளிவாகக் காட்டுகின்றன என்பதால், இரண்டும் இங்கே சேர்த்துப் பார்க்கப்படுகின்றன.

சிவகாசியின் தொழில் வரலாறு பலரும் அறிந்ததே. மழை பொய்த்து வேளாண்மை கைகொடாத வறண்ட நிலத்திலிருந்து, 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டு ஊரில் அத்தொழிலைத் தொடங்கினர். வெயிலையும் வறண்ட காற்றையும் வேண்டும் அத்தொழில் அங்கே வேரூன்றியது. அதிலிருந்து வண்ணத் தீக்குச்சியும், அதிலிருந்து பட்டாசும் கிளைத்தன. 1940-இன் வெடிபொருள் விதிகள் உரிமம் பெற்ற இடத்தில் மட்டுமே பட்டாசு செய்யலாம் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு வரத்து குறைந்ததும் சிவகாசியின் ஆலைகளுக்கு உதவியது. இன்று மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் உள்ளன. உரிமம் தரும் அதிகாரியைக் கொண்டே அவை அடையாளம் காட்டப்படுகின்றன: சிறு அளவில் செய்வோருக்கு மாவட்ட வருவாய் அலுவலர் தருவது டி.ஆர்.ஓ. லைசென்ஸ், அதற்கு மேல் சென்னை லைசென்ஸ், பெரிய ஆலைகளுக்கு நாக்பூர் லைசென்ஸ். நாக்பூரில் இருப்பது, 1898-இல் தோன்றிய வெடிபொருள் துறையின் இன்றைய வடிவமான பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம்.

அந்தத் துறைக்கும் முந்தியது 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம். விபத்தை அறிவிக்கும் கடமையை விதிக்கும் அதன் 8-ஆம் பிரிவு ஊன்றிப் படிக்கத் தக்கது. உயிரிழப்போ கடும் காயமோ பொருட்சேதமோ விளைந்த விபத்தை மட்டுமன்றி, அத்தகைய இழப்பு வழக்கமாக விளையக்கூடிய வகை விபத்தையும், அதாவது அன்றைக்கு எவரும் சாகாமல் தப்பிய விபத்தையும், தலைமைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. 9-ஆம் பிரிவு விசாரணையைப் பற்றியது. சட்டத்தை எழுதியவர்கள், பெரிய விபத்துக்கு முன்னால் பல சிறிய தீக்கள் வந்துபோகும் என்பதை உணர்ந்தே இவ்வாறு எழுதினர் என்று கொள்ள இடமுண்டு. ஆனால், நான்கு வாளித் தண்ணீரால் அணைந்துபோன ஒரு தீயை எழுதிக் கொடுப்பது தன் உரிமத்தையே ஐயத்துக்கு உள்ளாக்கும் என்னும் நிலையில், அதைத் தானாக முன்வந்து எழுதும் ஆலை எது? சட்டம் கேட்ட பதிவுக்கும் கிடைத்த பதிவுக்கும் இடையிலான முதல் விரிசல் இங்கேதான் விழுகிறது.

சட்டம் விதித்த மற்றொரு ஒழுங்கு ஆலையின் அமைப்பிலேயே கண்ணுக்குத் தெரிவது. பட்டாசு ஆலை என்பது ஒரே கூரையின்கீழ் நடக்கும் தொழிற்சாலையன்று. முள்வேலிக்குள் வெட்டவெளியில் ஒன்றுக்கொன்று விலக்கம் விட்டுக் கட்டப்பட்ட சிறு அறைகளின் கூட்டம் அது. அறைக்கு எண் உண்டு. இன்ன அறையில் இன்ன வேலை, இவ்வளவு மருந்து, நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற வரையறை உண்டு. மருந்து கலப்பவர் வாசலில் பதித்த தாமிரத் தகட்டை வெறுங்காலால் மிதித்து, உடம்பில் தேங்கிய மின்னூட்டத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு. கையில் மரமோ பித்தளையோ, இரும்பு ஆகாது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் வெயில் ஏறுமுன் காலையிலேயே சலித்துக் கலக்கப்பட்டு, அன்றைக்குக் கலந்த மருந்து அன்றைக்கே தீர வேண்டும். ஓர் அறையில் தீப்பற்றினால் அந்த அறையோடு நிற்க வேண்டும், பக்கத்து அறைக்குத் தாவக் கூடாது என்பதே இத்தனைக்கும் அடிப்படை.

கணினித் துறையில் இதே அடிப்படை 1960-களில் வேறொரு தேவைக்காகப் பிறந்தது. விலையுயர்ந்த ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும், ஆனால் ஒருவரின் பிழை மற்றவரைத் தொடக் கூடாது என்பதற்காக, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம். அறிவியல் மையத்தில் ராபர்ட் கிரீஸி, லெஸ் கோமோ முதலியோர் 1964 முதல் உழைத்து சி.பி.-40 என்னும் அமைப்பை உருவாக்கினர். ஒவ்வொரு பயனருக்கும் தனக்கே ஒரு முழுக் கணினி இருப்பதாகத் தோன்றும்படி அது இயந்திரத்தைப் பிரித்துக் கொடுத்தது. அவ்வாறு பிரித்துத் தரப்பட்டது மெய்நிகர் கணினி; பிரித்துத் தரும் பெரிய இயந்திரமே பிற்காலத்தில் ஹோஸ்ட் என்று பெயர் பெற்றது. 1972 ஆகஸ்டில் ஐ.பி.எம். இதை வி.எம்./370 என்ற பெயரில் தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் அறிவித்தது. நான்கு பேர் அறைகளும் அவற்றுக்கிடையே விலக்கமும் கொண்ட ஆலையைப் போலவே, அங்கேயும் ஒன்றில் நேர்ந்த முறிவு அடுத்ததைத் தொடாதிருப்பதே இலக்கணமாயிற்று.

அந்த அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. இக்கட்டுரையின் நோக்கத்துக்கு அதுவே முதன்மையானது. ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தன் வட்டுக்குத் தானே ஓர் எண் வைத்திருந்தது. பத்துப் பயனரும் தத்தம் வட்டை 191 என்றே அழைக்கலாம். அந்தப் பத்து 191-களும் உண்மையில் ஒரே பெரிய வட்டின் பத்துத் துண்டுகளாக இருக்கலாம். அந்தப் பெரிய வட்டு பழுதாகத் தொடங்கினால், பத்துப் பேரும் தனித்தனியே தங்கள் வட்டில் கோளாறு என்பார்கள். ஒவ்வொருவர் பதிவையும் தனியே படித்தால் பத்துச் சிறிய தற்செயல்கள் தெரியுமே தவிர, ஒரே பெரிய பழுது தெரியாது. எனவே, மெய்நிகர் கணினிக்குள் இயங்கும் அமைப்பு ஒரு பிழையைப் பதிய முனையும்போது, அடியிலிருந்த கட்டுப்பாட்டு நிரல் அதை இடைமறித்து, அதிலிருந்த மெய்நிகர் முகவரியை நீக்கி, உண்மைக் கருவியின் முகவரியை இட்டு, தன் சொந்தப் பதிவேட்டில் எழுதியது. பிறகு எரெப் என்னும் நிரல் அப்பதிவுகளைக் கருவிவாரியாகத் தொகுத்துத் தந்தது. பிழையை எழுதுவதோடு நில்லாமல், அது உண்மையில் எங்கே குடியிருக்கிறது என்று மாற்றி எழுதியதே அந்த முறையின் சிறப்பு.

பட்டாசு வரலாற்றில் இவ்வாறு மாற்றி எழுதப்பட்ட பதிவு ஒன்று உண்டு. அதன் தொடக்கம் இங்கிலாந்தில். 1875-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தை வகுப்பதில் பங்கேற்ற விவியன் டெரிங் மஜெண்டி, அந்நாட்டின் தலைமை வெடிபொருள் ஆய்வாளராக ஆண்டுதோறும் விபத்துகளைத் திரட்டி அறிக்கை வெளியிட்டுவந்தார். அந்த நாளில் வண்ண மத்தாப்புகளுக்குப் பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலப்பது வழக்கம். தட்டாமலும் தேய்க்காமலும் சும்மா வைத்திருந்த கலவையே தானாகத் தீப்பற்றிய நிகழ்வுகள் அடுத்தடுத்துப் பதிவாயின. அதன் வேதியியல் எளிது: காற்றின் ஈரத்தில் கந்தகத்தில் சிறிதளவு அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் குளோரேட்டோடு வினைபுரிந்து நிலையற்ற வேறொரு பொருளைப் பிறப்பிக்கிறது, அது வெப்பத்தை எழுப்புகிறது, கலவை தன்னைத்தானே கொளுத்திக்கொள்கிறது. தொழிலாளியின் கவனக்குறைவைத் தேடுவதை விடுத்து, அந்தச் சேர்க்கையே பழுதானது என்று கண்டு, 1894-இல் பிரித்தானிய அரசு அதைத் தடை செய்தது. அங்கே பிழையின் முகவரி தொழிலாளியின் கையிலிருந்து கலவைக்கு மாற்றி எழுதப்பட்டது.

இந்தியாவில் அதே தடை வர 98 ஆண்டுகள் ஆயின. கந்தகமும் குளோரேட்டும் கலந்த வெடிபொருளைச் செய்வதையும் வைத்திருப்பதையும் இறக்குமதி செய்வதையும் 1992 ஜனவரியில் இந்திய அரசு தடை செய்தது. தீக்குச்சித் தலைக்கும் விளையாட்டுத் துப்பாக்கிக் கேப்புக்கும் மட்டும் விலக்குத் தரப்பட்டது. வெடிபொருள் சட்டத்தை இங்கிலாந்திலிருந்து எடுத்துக்கொண்ட நாடு, அச்சட்டத்தின்கீழ் அங்கே திரண்ட அறிவை ஒரு நூற்றாண்டு கழித்தே எடுத்துக்கொண்டது என்பது வருந்தத்தக்க உண்மை. எனினும், இவ்வட்டாரத்தின் பாதுகாப்பு வரலாற்றில் முகவரி சரியாக எழுதப்பட்ட சில நடவடிக்கைகளுள் இத்தடையே தலையாயது என்று கூற வேண்டும்.

அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 1991 ஜூலையில், சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் 39 பேர் இறந்தனர். செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்வது குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் அந்நீதிமன்றம் 1990 அக்டோபர் 31-இலேயே ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. மீனம்பட்டிக்குப் பின் விரிந்த விசாரணை 1996 டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பில் முடிந்தது. அபாயமான வேலையில் குழந்தையை வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதிக்குச் செலுத்த வேண்டும், குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு வேலை கிடைக்க வழிசெய்ய வேண்டும், இயலாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. ஒரு வெடி விபத்திலிருந்து தொடங்கிய நீதிமன்றம், குழந்தையை ஆலைக்கு அனுப்பும் வறுமை வரை பின்னோக்கிச் சென்று அங்கே மருந்து தேடியது. ‘உராய்வு’ என்ற இடத்தில் அது நின்றுவிடவில்லை.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்தது வேறு வகையான தோல்வியைக் காட்டியது. தீபாவளிக்கு இரண்டு மாதமே இருந்த அந்நாளில் நிகழ்ந்த தொடர் வெடிப்பில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். புகையைக் கண்டு உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊரார் பலர் அவர்களுள் இருந்தனர். விதிமீறல்கள் ஏற்கெனவே ஆய்வில் கண்டறியப்பட்டு ஆலையின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்பது பின்னர்த் தெரியவந்தது. அதாவது, பிழை பதிவாகியிருந்தது, படிக்கவும்பட்டிருந்தது, ஆனால் அறைகளில் வேலை நிற்கவில்லை. சர்வர்களைக் கவனிப்போர் இந்த நிலையை நன்கு அறிவர். நினைவகத்தில் நேரும் சிறு பிழைகளை இன்றைய சர்வர்கள் தாமே திருத்திக்கொண்டு, திருத்தியதை ஒரு வரியாக எழுதிவைக்கின்றன. இயந்திரம் நிற்காமல் ஓடுவதால் அந்த வரியை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஒரே நினைவகத் தகட்டின் பெயரில் அவ்வரி நாள்தோறும் திரும்ப வருவது, திருத்த இயலாத பிழை நெருங்குகிறது என்பதன் முன்னறிவிப்பு. 1980-களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் வகுத்த சிஸ்லாக் என்னும் பதிவு முறையில், ஒரே செய்தி அடுத்தடுத்து வந்தால் ‘முந்தைய செய்தி இத்தனை முறை திரும்ப வந்தது’ என்று சுருக்கி எழுதும் வழக்கமும் சேர்ந்தது. இடத்தை மிச்சப்படுத்த வந்த அந்தச் சுருக்கம் படிப்பவரின் அச்சத்தையும் சுருக்கிவிடக்கூடியது; நாளிதழின் உள்பக்கத்தில் ‘மீண்டும் பட்டாசு ஆலை விபத்து’ என்ற தலைப்பு செய்வதும் அதுவே. முதலிப்பட்டிக்குப் பின் மத்திய அரசு சைதன்ய பிரசாத் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது.

உண்மை முகவரி என்ற கேள்வி முழுவடிவில் எழுந்தது 2021 பிப்ரவரி 12-இல், சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் எண்மர் குழுவை அமைத்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் பிரித்துப் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது வெளிப்பட்டது. குத்தகைக்கு எடுத்தவர் அறைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்திருப்பவர். தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ உள்ள நாள்களுக்குள் அதை மீட்டாக வேண்டியவர். நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் அமர்வதும், அறையில் இடம் போதாமல் மரத்தடியில் வேலை நடப்பதும், ஒருநாள் மருந்து மறுநாளுக்கு எஞ்சுவதும் அந்தக் கணக்கிலிருந்து பிறப்பவை. வேலையாளுக்கும் கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக்கு ஏற்பவே என்பதால் அவருடைய கையும் விரைகிறது. விரையும் கையில் உராய்வு நேர்கிறது. பதிவில் கடைசிச் சொல் மட்டும் எழுதப்படுகிறது.

ஆலைக்குள் நான்கு பேர் அறைகளைப் பிரித்து வைத்த விதி, ஒவ்வோர் அறையும் ஒரே பொறுப்பாளரின்கீழ் இருக்கும் என்று கருதியே எழுதப்பட்டது. உள்குத்தகை அந்தக் கருத்தை உள்ளிருந்தே அரித்துவிட்டது: வெளியே ஓர் உரிமம், உள்ளே பல முதலாளிகள், பதிவேட்டில் 191, அடியில் வேறொரு வட்டு. விபத்து வழக்கில் உரிமதாரர் பெயரும் போர்மேன் பெயரும் இடம்பெறுகின்றன. போர்மேன் என்பவர் மருந்துக் கலவையை மேற்பார்க்கும் தகுதி பெற்ற பணியாளர். ஆனால் எத்தனை பேரை அமர்த்துவது, எவ்வளவு சரக்கு முடிப்பது என்று முடிவு செய்யும் இடம் அவருக்கு மேலே இருக்கிறது. அந்த இடத்தைப் பெயர் சொல்லி எழுதும் கட்டம் பதிவேட்டில் இல்லாதவரை, விபத்துதோறும் கைது செய்யப்படுவோர் பட்டியல் நீளும்; பழுது இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதோடு சேர்ந்த மற்றொரு குறை, பதிவேடுகள் பலவாக இருப்பது. ஒரே விபத்தைக் காவல்துறை முதல் தகவல் அறிக்கையாகவும், வருவாய்த்துறை இழப்பீட்டுக் கோப்பாகவும், தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் தன் படிவத்திலும், வெடிபொருள் அமைப்பு தன் படிவத்திலும், தீயணைப்புத் துறை அழைப்பு வந்த நேரத்தோடும், மருத்துவமனை தீக்காயத்தின் விழுக்காட்டோடும் எழுதுகின்றன. ஒவ்வொன்றும் தன்னளவில் சரியாக இருக்கலாம். சர்வர்களில் மெய்நிகர் கணினியின் லாக், ஹோஸ்ட்டின் லாக், சேமிப்பகத்தின் லாக் ஆகிய மூன்றையும் ஒரே கால வரிசையில் அடுக்கிப் பார்த்தாலொழிய திரும்ப வரும் பிழைக்கு வேர் கிடைக்காது. அதற்காகவே எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்கு இசைப்பது முதல் வேலையாகக் கொள்ளப்படுகிறது. மெய்நிகர் கணினிகளின் கடிகாரம் எளிதில் பிந்திவிடும் என்பதால் அங்கே அது இன்னும் தேவை. விருதுநகரின் ஆறு பதிவேடுகளையும் அவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எந்த மாதத்தில், எந்த மணியில், எந்த வகை உரிமத்தில், எந்தச் சரக்கில் விபத்து குவிகிறது என்று ஆண்டுதோறும் அச்சிட்டு ஊராருக்குக் கொடுக்க முடியும். மஜெண்டியின் அறிக்கைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காகிதத்திலேயே அத்தகைய தொகுப்பைச் செய்தன.

இதற்கிடையே கலவையே மாறிக்கொண்டிருக்கிறது. 2018 அக்டோபர் 23-ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்றது. சிவகாசியில் பச்சை உப்பு என்று வழங்கும் பேரியம் நைட்ரேட், மத்தாப்பின் ஒளிக்கும் பலவகைச் சரக்குக்கும் அடிப்படையாக இருந்தது. அதற்கு மாற்றாக நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற பெயர்களில் பசுமைப் பட்டாசுக் கலவைகளை வகுத்துத் தந்தது. சிவகாசியில் வெடிபொருள் அமைப்பின் கீழுள்ள பட்டாசு ஆய்வு மற்றும் மேம்பாட்டு மையம் சரக்குகளைச் சோதித்துவருகிறது. பச்சை உப்பின் குணத்தைத் தலைமுறைகளாகக் கைப்பழக்கத்தால் அறிந்த கலவைக்காரர், ஈரநாளில் எப்படி நடந்துகொள்ளும், எவ்வளவு நேரத்தில் சூடேறும் என்று கைக்குப் பழகாத மருந்தை இப்போது காலை வேளையில் சலிக்கிறார். அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவை ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறும் என்பதும், சிறிதளவு போரிக் அமிலம் அதைத் தடுக்கும் என்பதும் பழைய கலவைகளில் பல விபத்துகளுக்குப் பின் உலகெங்கும் அறியப்பட்ட செய்திகள். புதிய கலவைகளைப் பற்றிய அத்தகைய அறிவு இனிமேல்தான் சேர வேண்டும். வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் அணைந்துபோகும் ஒவ்வொரு சிறு தீயும், 8-ஆம் பிரிவு கேட்டபடி, நாளும் நேரமும் அறை எண்ணும் கலவையின் விகிதமும் சேர்த்து எழுதப்பட்டால்தான் அது சேரும்.